பச்சையாகவே இருந்த குழாய்

சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் மருதையன் கீழ்வேளூரில் பஸ் ஏறினான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அக்கா புருஷன் முருகையன் இரண்டு கையும் வெந்து கிடந்தார்.

மின்நிலையத்தில் மருதையன் இன்ஜினியர். நீராவிக் குழாய்க்கு இன்னும் எத்தனை ஆயுள், எப்போது சோதிக்க வேண்டும் என்று சொல்லும் மென்பொருள் அவன் பொறுப்பு. ஓடிய நேரம், சூடு, எத்தனை முறை நிறுத்தி மூட்டினார்கள் என்று கொடுத்தால் அது கணக்குப் போடும். ஆறி ஆறிச் சுடும்போதுதான் குழாய் சீக்கிரம் தேயும்.

அங்கே நிறுத்தம் எல்லாம் ஊரால் வந்தது. நில உச்சவரம்புப் போராட்டத்தில் அப்பன்மார் அடிபட்டு வாங்கிய வயல். நடவு நட்ட சேற்றிலேயே நிலையத்துக்கான எரிவாயுக் குழாயைப் பதித்துவிட்டுப் போனார்கள். ஜனங்கள் கொடியோடு வந்து வயல் நடுவிலிருந்த வால்வைத் திருகி மூடுவார்கள். மூடினால் நிலையம் நிற்கும். மறியலில் நின்றது என்று எழுதினால் மேலிடம் குடையும். ஆகவே 'குறைந்த சுமையில் ஓட்டம்' என்று பதிவது வழக்கம்.

ஒருமுறை மருதையன் தயங்கினான். மேனேஜர் நடராசன் சிரித்தார்.

"ஊர்ச் சண்டைய கம்ப்யூட்டருக்கு ஏன்யா கோள் மூட்டுற?"

மருதையனும் சிரித்தான். ஒரு நிறுத்தத்தைக்கூட ஏற்றவில்லை. திரையில் நீராவிக் குழாய், ஆபத்தில்லை என்று, பச்சையாகவே இருந்தது. சோதனை அடுத்த வருஷத்துக்குப் போனது. மறியலை விடச் சொல்லி ஒப்பந்த வேலை கொடுக்கப்பட்ட முருகையன் அந்தக் குழாயின் கீழே நின்றிருந்தபோது அதன் பற்றவைத்த மூட்டு பிளந்து நீராவி பீறிட்டது.

வார்டில் அக்கா செவ்வந்தி ரசஞ்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்..."

"நீ என்ன சொல்றது மாப்ள. நடராசன் சார் வந்து சொல்லிட்டாரு. நாங்க வால்வ மூடி மூடித்தான் பைப்பு கெட்டுப்போச்சாம். நானும்தானே திருகுனேன்." முருகையன் கண்ணை மூடித் திறந்தார். "மன்னிச்சுக்கடா. உன் வேலைக்கு ஒண்ணும் வந்துடாதுல்ல?"

பாதி நிஜம் அது. மீதிப் பாதி மருதையன் வாயில் இருந்தது. நம் ஜாதிசனத்தில் முதல் இன்ஜினியர் என்று மாலை போட்டுத் தோளில் தூக்கிய கைதான் இப்போது கட்டுக்குள் கிடந்தது.

"வராது மாமா," என்றான்.

செவ்வந்தி கிண்ணத்தை அவனிடம் நீட்டினாள். "இந்தா, நீ ஊட்டு. நான் மருந்து வாங்கிட்டு வந்துடுறேன்."

அவன் ஊட்டினான். முருகையன் நன்றியோடு வாயைத் திறந்தார்.