பனிமலை பார்க்கப் போனவர்

எமிலியானுஸ் படலையைத் திறந்து வந்தபோது அவன் கையில் இரண்டு பைகள் இருந்தன. முற்றத்தில் மாவிடித்துக்கொண்டிருந்த பெண்கள் அதைக் கண்டு ஆரவாரித்தார்கள்.

"யாகப்பு சாமான் குடுத்து விட்டிருக்கிறார்! அப்ப ஆள் கனடாவுக்குள்ளை பூந்திட்டார்."

மதலேனா பைகளைப் பார்க்கவில்லை. கணவன் யாகப்புவோடு ஒரே கப்பலில் வேலை செய்த எமிலியானுஸின் முகத்தைப் பார்த்தாள். எண்பத்தொன்பதாம் ஆண்டு ஐப்பசி அது. அவர்களின் தீவுக் கிராமமான கரம்பொனிலிருந்து கப்பல் வேலைக்குப் போன ஆண்களில் பலர் ஏதோவொரு துறைமுகத்தில் இறங்கி அங்கேயே நின்றுவிட்டிருந்தார்கள். யாகப்புவும் அப்படித்தான் செய்வான் என்று ஊர் முடிவுகட்டியிருந்தது. அவன் தங்கை றெஜினாவுக்கு இளவாலையில் மாப்பிள்ளை பொருந்தியதே பாதி அந்த நம்பிக்கையில்தான். வருகிற புதன்கிழமை கலியாணம்.

எமிலியானுஸைக் குசினிக்குள், அடுப்படிக்குக் கூட்டிப்போனாள்.

"அவர் எங்கை?"

"அக்கா, முதல்லை இருங்கோ."

"நிண்டே கேக்கிறன். சொல்லும்."

அலாஸ்காவில் உல்லாசக் கப்பலின் கடைசி ஓட்டம் முடிந்து பயணிகள் இறங்கிப் போய்விட்டார்கள். ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முன் வேலையாட்களான இவர்களுக்கு ஒருநாள் ஓய்வு கிடைத்தது.

"சீசன் முழுக்கக் கப்பலின்ரை அடியிலை நிண்டு உடுப்புத் தோய்ச்சனாங்கள், அக்கா. பனிமலை பாத்திட்டு வந்த சனத்தின்ரை ஈர உடுப்பைத்தான் நாங்கள் கண்டது. ஒருக்காவும் பாக்காமல் ஊருக்குப் போய் என்னத்தைச் சொல்லுறது எண்டு அவர்தான் இழுத்துக்கொண்டு போனவர்."

ஹெலிகொப்டரில் ஏற்றிப் பனியின் மேலேயே இறக்கிவிடுகிற பயணமெல்லாம் பணக்காரருக்கு. இவர்கள் பாணும் டின்மீனும் எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனார்கள். ஆற்றுப் பாலத்தில் நின்று, கரடிகள் மீன் பிடித்துத் தின்பதைச் செலவில்லாமல் பார்த்தார்கள். பின்னேரம் ஒரு மீன்பிடிகாரன் சொற்பக் காசுக்குத் தன் வள்ளத்தில் ஏற்றினான். பனிமலை கடலுக்குள் நீலச் சுவராக இறங்கி நின்றது. இன்னும் கிட்டப் போகச் சொல்லி யாகப்பு கையைக் காட்டினான். சுவரில் ஒரு பக்கம் உடைந்து விழுந்தது. எழும்பிய அலை வள்ளத்தைப் புரட்டிப் போட்டது. மீன்பிடிகாரன் எமிலியானுஸைப் பிடரியில் பிடித்துப் புரண்ட வள்ளத்தின் மேல் இழுத்தெடுத்தான்.

"அவருக்கு நீச்சல் தெரியுந்தானே?"

"அந்தத் தண்ணி நீந்த விடாது, அக்கா. கைகாலை விறைக்கப் பண்ணிப்போடும். தேடினவை. உடம்பு கிடைக்கேல்லை. இந்தப் பையளிலை இருக்கிறது அவரின்ரை உடுப்புகள்தான். கொம்பனி தந்தி அடிச்சதாம்."

தந்தி வரவில்லை. அந்த நாட்களில் தீவுக்கு எதுதான் ஒழுங்காக வந்து சேர்ந்தது?

மதலேனா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். வெளியே உலக்கைச் சத்தம். அதற்கு மேலால் றெஜினாவின் சிரிப்பு. இழவு என்று தெரிந்தால் கலியாணம் நின்றுவிடும். அடுத்த மாதம் மாப்பிள்ளை ஜேர்மனிக்குப் போய்விடுவான். பிறகு அந்தப் பிள்ளையை ஆர் கேட்டு வரப்போகிறார்கள்?

"கலியாணம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

"அக்கா, அது பாவம்."

"பாவந்தான். அது என்ரை தலையிலை இருக்கட்டும்."

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "இவர் சுகமா இருக்கிறாராம்," என்றாள். அடுத்தவளின் உலக்கையை வாங்கி இடிக்கத் தொடங்கினாள்.

கலியாணத்தன்று சிவப்புச் சேலை உடுத்தினாள். தலையில் பூ வைத்துவிட்டார்கள், வைக்கவிட்டாள். பூசையில் சுவாமியார், தூரதேசத்தில் இருக்கும் மணமகளின் அண்ணனைக் கடவுள் காப்பாற்ற வேண்டுமென்று மன்றாடச் சொன்னார். கோயில் முழுவதும் ஆமென் என்றது. அவளும் சொன்னாள்.

பின்னேரம் ஊர்காவற்றுறைத் துறையில், இந்திய ஆமிக்காரன் பெட்டிகளைக் கிளறி முடித்த பிறகு, பொம்பிளை மாப்பிள்ளையை லோஞ்சுப் படகில் ஏற்றினார்கள். றெஜினா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"மச்சாள், அண்ணை கடிதம் போட்டால் உடனை சொல்லி அனுப்புங்கோ."

"ஓம், ஓம். போயிட்டு வாரும்."

லோஞ்சு காரைநகரைப் பார்த்து நகர்ந்தது. மதலேனா கையை உயர்த்தி அசைத்தாள். பக்கத்தில் நின்ற எமிலியானுஸைத் திரும்பிப் பாராமலே கேட்டாள்:

"அந்தக் கரடியளைக் கண்டு இவர் என்ன சொன்னவர்?"

அவனும் லோஞ்சைப் பார்த்தபடியே சொன்னான்:

"ஒண்டும் சொல்லேல்லை, அக்கா. சிரிச்சவர். பாலத்திலை நிண்ட வெள்ளைக்காரரெல்லாம் திரும்பிப் பாக்கிற மாதிரிச் சத்தம் போட்டுச் சிரிச்சவர்."

லோஞ்சு அக்கரையில் அணைந்தது. ஆட்கள் இறங்கிப் போனார்கள். எதிர்த்துறை வெறிச்சோடிய பின்னும், சிவப்புச் சேலை காற்றில் படபடக்க, அவள் கை உயர்ந்தபடியே நின்றது.