நாத்தனாருக்கான மருந்து

பரிசோதனைக் கட்டிலை மறைத்த திரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அளவெடுத்தவன் எவனோ, நிச்சயம் அரைத்தூக்கத்தில் இருந்திருக்கிறான். பதினோரு வருடமாகத் திரைச்சீலைக் கடையில் நிற்கிறவள் அவள். எங்கே போனாலும் கண் முதலில் அளவைத்தான் பார்க்கும். இன்று அந்த இடைவெளியில் ஆடிக்கொண்டிருந்தது அவளுடைய கால்தான். நிறுத்தினால் எரிச்சல் தெரிந்தது. ஆட்டினால் பயம் தெரிந்தது.

முகம் தெரிந்தவர் யாரும் இருக்கக் கூடாதென்று இரண்டு பஸ் மாறி இந்த மகளிர் மருத்துவமனைக்கு வந்திருந்தாள். அதுவரை மூன்று மாதமாகத் தெருமுனை மருந்துக்கடைதான் அவளுக்கு ஆஸ்பத்திரி. "நாத்தனாருக்கு அந்த இடத்துல எரிச்சலாம், அண்ணே" என்பாள். கடைக்காரர் தலையைத் தூக்காமல் ஒரு களிம்பை நீட்டுவார். மூன்று களிம்பு தீர்ந்தும் நாத்தனாருக்குக் குணமாகவில்லை. இத்தனைக்கும், 'ஃப்ரெண்டு வீட்டுக்குத்தான் பாக்குறேன்' என்று கடைக்கு வருகிறவர்கள் துணியைத் தடவும் விதத்திலேயே அது யார் வீட்டு ஜன்னல் என்று கண்டுபிடித்துவிடுகிறவள் அவள்.

நர்ஸ் திரையை விலக்கினாள். "யாருக்கும்மா பாக்கணும்?"

"என் நாத்தனாருக்கு."

"அவங்க எங்க?"

"வெளியூர்ல."

"அவங்க வெளியூர்ல இருந்தா, உங்க கால் எதுக்கும்மா இங்க இந்த ஆட்டம் ஆடுது?"

வியாபாரத்தில் பொய் பிடிபட்டால் சிரித்துவிட வேண்டும். சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்தது. "எனக்குத்தான் சிஸ்டர்."

"அப்படி வாங்க வழிக்கு."

பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா இரண்டு மாத்திரைக் கவர்களை மேசைமேல் வைத்தார். "உறவு மூலமா ஒட்டுற தொத்து. மாத்திரையிலயே போயிடும். ஆனா உங்க வீட்டுக்காரரும் சாப்பிடணும். இல்லேன்னா அவர்கிட்டேருந்தே திரும்ப வரும்."

"நான் வேற யார்கூடவும்..."

"நான் கேக்கவே இல்லையேம்மா."

திரும்பும் பஸ்ஸில் மனசு ஒரு இடத்தில் உட்காரவில்லை. வெயிலே எட்டிப் பார்க்காத வீட்டுக்குக் கறுப்புத் திரை விற்றவள். ஒரு கவர் மாத்திரையை விற்க முடியாதா? சத்து மாத்திரை என்று சொல்லலாம். பாலில் பொடித்துப் போடலாம். ஆனால் 'உனக்கு எவன்கிட்டேருந்து வந்துது' என்று அவன் திருப்பிவிட்டால்? அவன் அம்மா, அக்கா எல்லாரும் கூடி நின்று கேட்டால்? இரண்டு கவரையும் பைக்குள் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

லாரி ஓட்டிவிட்டுப் பதினைந்து நாள் கழித்து வந்திருந்த கணவன், சாயங்காலம் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டுக்குப் பக்கத்தில் கவரை வைத்தாள்.

"என்ன இது?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துபோயிற்று. "ஆஸ்பத்திரி போனேன். எனக்கு உறவு மூலமா வர்ற தொத்தாம். நீங்களும் சாப்பிடணும்."

"உனக்கு எப்படிடி வந்துது?" குரல் ஏறிற்று.

விலையைச் சொன்ன பிறகு முதலில் வாயைத் திறக்கிறவர் இறங்கி வர வேண்டியதுதான், கடை கற்றுக்கொடுத்தது. எதிரே உட்கார்ந்து அவனையே பார்த்தாள். அவன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்ததையே மறுபடி பிசைந்தான்.

"என்கூட ஓட்டுறவன் ஒருத்தன்... அவனுக்கும் இப்படித்தான்னு போன மாசம் சொல்லிட்டிருந்தான்..."

"அப்படியா? பாவம், அவருக்கும் சேத்துத்தான் கொண்டுவந்திருக்கேன்" என்று தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

கவரை அவன் தொடவில்லை. டம்ளரில் தண்ணீர் சின்னச் சின்னதாக நடுங்கியது. அவள் தன் காலைப் பார்த்தாள். அது அசையாமல் இருந்தது. மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது அவனுடைய கால்.