தர்மாம்பாள் டீச்சரின் பிகோனியா

மே மாத மதுரையில் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றாதே என்றால் எந்த மனுஷன் கேட்பான்? திருநகர் சுப்பராமனும் கேட்கவில்லை. பெண்டாட்டி சொல்லைத் தட்டாதவர் என்று தெருவில் பேரெடுத்த மனிதர், இந்த ஒரு விஷயத்தில் தட்டிவிட்டார்.

மனைவி ராஜஸ்ரீ, மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக மூன்று மாதம் பெங்களூர் போயிருந்தாள். கிளம்பும்போது கேஸைப் பற்றியோ பூட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. வடக்கு ஜன்னலோரம் இருந்த பிகோனியாவைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினாள்.

"விரலை வைத்துப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்."

அது பூவுக்காக வளர்க்கிற ஜாதி இல்லை. இலைதான் அழகு. ஓரமெல்லாம் அரக்கு நிறம், நடுவில் வெள்ளி பூசியது போல் ஒரு பளபளப்பு. குளிர் ஊர்ச் செடி. ராஜஸ்ரீயோடு ஒரே பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்த தர்மாம்பாள் டீச்சர் கொடுத்தது. டீச்சர் போன வருஷம் இறந்துபோனார். பூட்டிய வீட்டில் அவர் வளர்த்ததெல்லாம் காய்ந்து, மிச்சம் இந்த ஒன்றுதான். அதனாலேயே யார் கேட்டாலும் ராஜஸ்ரீ ஒரு இலை தர மாட்டாள். "பிச்சா செடிக்கு நோகும்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

மே வெயில் ஏறியதும், நமக்கே நாக்கு வறளுகிறதே, வாயில்லாத ஜீவன் என்ன பாடுபடும் என்று சுப்பராமன் காலையில் ஒரு செம்பு ஊற்றினார், மத்தியானம் ஒரு செம்பு, சாயங்காலம் ஒன்று. இலை தொங்கியது. ஐயோ பாவம், தாகம் என்று இன்னொரு செம்பு. புதன்கிழமை தண்டைத் தொட்டார். கூழாகிக் கையோடு வந்தது. வேரெல்லாம் அழுகல் நாற்றம்.

வெள்ளிக்கிழமை காலை ராஜஸ்ரீ வருகிறாள். இந்தப் புதன்கிழமை பார்த்துப் போனில் செடியை விசாரித்தாள். "அதற்கென்ன, ஜம்மென்று இருக்கிறது" என்று போன மாதம் எடுத்த போட்டோவை அனுப்பிவிட்டு, வியர்த்து வழிய வாசலில் உட்கார்ந்தார்.

பக்கத்து வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் பாண்டிச்செல்வி மதில் வழியே எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீக?"

கொட்டித் தீர்த்தார். கேட்கக் கேட்க அவள் முகம் ஒரு மாதிரியானது. விறுவிறுவென்று உள்ளே போனவள், முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். மூடி போட்ட ஐஸ்கிரீம் டப்பா.

"அண்ணே, வையக் கூடாது. அக்கா ஊருக்குப் போன மறுநாளே ஜன்னல் கம்பிக்குள்ள கையை விட்டு ஒரு இலையைக் களவாண்டுட்டேன். எம்புட்டுத் தடவை கேட்டேன், தரலையே! செடியைக் களவாண்டு வச்சாத்தான நல்லா வரும்?"

அந்தத் தெருவில் அது ஊரறிந்த நம்பிக்கை. எந்த வீட்டு மணி பிளான்ட்டும் காசு கொடுத்து வந்ததில்லை.

மூடியைத் திறந்தாள். தேங்காய் நார்த்தூள் மேல் அந்த இலை கறுத்துச் சருகாகிக் கிடந்தது. ஆனால் இலை நரம்பை அவள் கீறிவிட்ட இடமெல்லாம் குட்டிச் செடிகள். ஐந்து. கட்டைவிரல் நகம் அளவு இலை, அதில் அதே வெள்ளி.

சுப்பராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, நீ நல்லா இருக்கணும்."

"அய்ய! களவாணியைப் போய்க் கும்பிடுறீக!"

வெள்ளிக்கிழமை ராஜஸ்ரீ பையைக் கீழே வைப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தண்ணீர், போட்டோ, திருட்டு, எதையும் விடவில்லை. அவள் காலித் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு குட்டிகளை இரண்டு தடவை எண்ணினாள். அவர்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். கோபம் வந்தால் மட்டும் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி தமிழுக்கு மாறுவாள்.

"பாண்டி! இங்க வாடி!"

தமிழ்தான், அதே உரத்த குரல். போச்சு என்று சுப்பராமன் கண்ணை மூடிக்கொண்டார்.

பாண்டிச்செல்வி தலையைக் குனிந்தபடி வந்து நின்றாள். "தப்புதேங்க்கா."

ராஜஸ்ரீ அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நான்தாண்டி தப்பு. கஞ்சத்தனமா ஒரே தொட்டியில வச்சுப் பூட்டி வச்சிருந்தேன். இதுல ரெண்டு உனக்கு. இந்தா."

பாண்டிச்செல்வி கையை நீட்டாமல் நெளிந்தாள். "கையில வாங்குனா வராதுக்கா..."

"அடிப்பாவி!" ராஜஸ்ரீ அழுதுகொண்டே சிரித்தாள். டப்பாவைத் தரையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். "நான் பார்க்கல. எடுத்துக்கிட்டு ஓடு."

கொலுசுச் சத்தம் மதிலைத் தாண்டிப் போனது. ராஜஸ்ரீ இன்னும் திரும்பவில்லை. தங்கள் பாஷையில் கணவரிடம் மெதுவாகச் சொன்னாள்:

"இவள் மட்டும் திருடவில்லையென்றால், டீச்சர் எனக்கு இன்றைக்குத்தான் செத்திருப்பார்."