பங்குக் குட்டி

மூன்றாவது வாரத்தில் ஒரு குட்டிக்கு மட்டும் காதோரம் முடி இறங்கியது. முதலில் வைக்கோல் தூசி ஒட்டியிருக்கிறது என்று துணியால் துடைத்தேன். போகவில்லை. சில நாட்களில் வாலின் அடியிலும் தொடையின் பின்புறமும் குஞ்சம் தொங்கியது. மற்ற ஐந்தும் சிப்பிப்பாறை நாய்க்குட்டிகள் இருக்கவேண்டிய மாதிரி வழுவழுவென்று கிடந்தன.

அப்பா கட்டுத்தரைக்கு வந்து பார்த்தார். குனிந்து அந்தக் குட்டியைத் தூக்கினார், வாலைத் திருப்பினார், கீழே விட்டார். அன்று அவர் டீக்கடைக்குப் போகவில்லை. அப்பா பெயர் மயில்சாமி. எங்கள் ஊரில் மயில்சாமி வீட்டு நாய் என்றால் சுத்தம் என்று பெயர். குட்டிகளின் தாய் சாரைதான் அந்தப் பெயரின் கடைசிப் பெட்டை. அவள் சுவர் தாண்டி எவனுடைய சடைநாயிடமோ போய்விட்டு வந்திருக்கிறாள் என்பது அவர் முடிவு.

பருவம் வந்த நாள் முதல் அவளை ஆட்டுப்பட்டிக்குள் வைத்துப் பூட்டியவன் நான். சாவி என் இடுப்பில் இருந்தது. ராசாவைத் தவிர வேறு நாய் உள்ளே வரவில்லை. அதைச் சொன்னேன். அஸ்தம்பட்டியில் இரவு ஷிப்ட் வேலை பிடிக்கவில்லை என்று உதறிவிட்டு வந்து நாய்க்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பவன் சொல்லுக்கு வீட்டில் என்ன மதிப்பு இருக்குமோ அது இருந்தது.

ராசா என் மச்சான் நவநீதகிருஷ்ணனுடைய நாய். மச்சான் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறார். என் அக்கா மைதிலியைக் கட்டியவர். எங்கள் தாய்மாமன் மகனும் அவர்தான். மூன்று தாலுகாவில் நல்ல பெட்டை வைத்திருப்பவர்கள் ராசாவைத்தான் தேடிப் போவார்கள். ஆண் நாய்க்காரருக்கு இங்கே பணம் கொடுக்கிற வழக்கம் இல்லை. குட்டிகள் ஓடத் தொடங்கியதும் அவர் வந்து தனக்குப் பிடித்ததை முதலில் எடுத்துக்கொள்வார். அதுதான் பங்குக் குட்டி. அவர் எடுக்கும்வரை வேறு யாரும் எந்தக் குட்டியையும் கை காட்டக் கூடாது. அவர் கேட்டதை இல்லை என்றும் சொல்லக் கூடாது.

மச்சான் ஞாயிற்றுக்கிழமை வந்தார். குட்டி பார்க்க நாலு பேர் கூடியிருந்தார்கள். ராசிபுரத்துக்காரர் அன்பரசுவும் இருந்தார். அவரும் நாய் வளர்ப்பவர். முடி முளைத்ததை அப்பா சாக்குக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். மச்சான் நேராகப் போய்ச் சாக்கை விலக்கி அதைத்தான் தூக்கினார்.

"மாப்ள, அது வேண்டாங்க. நல்லதா ஒண்ணு எடுங்க" என்றார் அப்பா.

"இருக்கட்டுங்க மாமா. நல்லது உங்களுக்கு இருக்கட்டும். தப்பு எங்க நடந்துச்சுன்னு நான் கேக்க வரல."

அன்பரசு தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். போன வருடம் சங்ககிரியிலும் இவர் கழிசலைத்தான் எடுத்தாராம், மனசு என்றால் அது மனசு என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பு எங்க நடந்துச்சுன்னு கேக்க வரல. ஒரே வரியில் தப்பு சாரையுடையது என்று ஆகிவிட்டது, சொன்னவருக்குப் பெரிய மனுசன் பட்டமும் கிடைத்துவிட்டது. இதை நான் அங்கேயே யோசித்தேன் என்று சொன்னால் பொய். எனக்கும் அப்போது அவர்மேல் மரியாதைதான் வந்தது.

குட்டியோடு அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் அப்பா முடிவைச் சொன்னார். சாரை இனி இந்த வாசலில் கிடக்கக் கூடாது. குட்டிகள் பால் மறந்ததும் நாமக்கல் பக்கம் பெரியப்பாவின் கோழிப்பண்ணைக்குக் காவலுக்கு அனுப்பிவிடுவது. காவல் என்றால் சங்கிலி. காட்டுவெளியில் வரப்பு வரப்பாகத் தாண்டி ஓடுகிற நாய், கோழி எருவுக்குப் பக்கத்தில் ஆறடிச் சங்கிலியில்.

மறுநாள் மாட்டு டாக்டரிடம் போனேன். போனில் இருந்த படத்தைப் பார்த்தார். பெட்டை மட்டும் கெட்டு இப்படி வராது, ஆணும் பெண்ணும் இரண்டும் இதை உள்ளே வைத்திருந்தால்தான் வெளியே தெரியும், பார்வைக்கு இரண்டும் சுத்தமாகவே இருக்கும் என்றார். இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிற மாதிரி நெருங்கின சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் அது கட்டாயம் ஒருநாள் எட்டிப் பார்க்குமாம். ராசாவின் தாய் எங்கள் வீட்டில் பிறந்தது. அக்கா கல்யாணத்துச் சீரோடு போன குட்டி. சாரையும் அதே வயிற்று வழிதான். சந்தேகம் இருந்தால் அந்தக் குட்டியைக் கொண்டுவா, ரத்தம் எடுத்து அனுப்பினால் தகப்பன் யார் என்று எழுத்திலேயே வந்துவிடும் என்றார் டாக்டர்.

அங்கிருந்தே பள்ளிபாளையம் போனேன். மச்சான் நூல் எடுக்க ஈரோட்டுக்குப் போயிருந்தார். பின்கட்டில் ராசா படுத்திருந்தது. குட்டி இல்லை. அக்கா தறிச் சத்தத்துக்கு மேல் பேசவேண்டி இருந்ததால் என்னைப் பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போனாள்.

"எங்கக்கா குட்டி?"

"இங்க அது வரவே இல்ல சாமி."

அவள் ஒரு தட்டை எடுத்துக் கழுவினாள். கழுவின தட்டுதான் அது.

"ஆத்துப் பாலத்துலயே வேலைய முடிச்சுட்டுத்தான் ஊட்டுக்கு வருவாரு. சாக்க மட்டும் கொண்டாந்து காயப் போடுவாரு. ராசா போன எடத்துலயெல்லாம் ஒண்ணு ரெண்டு இப்படி முளைக்குது. முளைச்சத அவரே கேட்டு வாங்கிக்கறாரு. ஊரே கும்புடுது."

அவள் மகள் கனிஷ்கா வாசற்படியில் உட்கார்ந்து எங்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்குக் காது கேட்காது.

"இவளுக்குக் கேக்காததுக்கும் உங்கூட்டு ரத்தம்னுதான் சொன்னாரு. அவருக்கும் அதே ரத்தந்தான்னு நான் ஒருக்கா சொன்னேன். ஒரே ஒருக்காதான் சொன்னேன்."

ராசாவின் ரத்தத்தை மட்டுமாவது எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். குட்டி இல்லாமல் அதை எதோடு ஒப்பிடுவது என்று கேட்டு முடித்த பிறகுதான் எனக்கே தோன்றியது. அக்கா கையைச் சேலையில் துடைத்தாள்.

"நீ போய்ச் சொல்றதுன்னா சொல்லிக்க. நான் வேண்டாங்கல. யார் சொன்னாங்கன்னு அவருக்குத் தெரியும். இவளையும் கூட்டீட்டு நான் அங்க வந்து நின்னா, அப்பா எத்தன நாளைக்குச் சோறு போடுவாரு? அத மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லு."

அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும், பாலத்தையும் சேர்த்து. அவர் மாட்டுக்குத் தீனி அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டார். அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன்.

"ராசாவோட அம்மா கூடப் பொறந்ததுல ஒண்ணு சடையாத்தான் இருந்துச்சு. கெணத்துல போட்டேன். அப்ப நீ பள்ளிக்கூடம் போயிட்டிருந்த."

"அப்புறம் ஏனுங்கப்பா சாரையச் சொல்றீங்க?"

"ராசா மேல பேச்சு வந்தா அது மைதிலி மேல வந்து உழும். பொட்டப்புள்ளயக் குடுத்த எடம். நாய்க்காவ அதக் கெடுத்துக்க முடியுமா?"

அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. அக்காவை இங்கே அழைத்து வந்து வைத்துக்கொள்வோம் என்பதுதான் பதில். அதைச் சொல்ல எனக்கு ஒரு வேலையும் சம்பளமும் வேண்டும். இரண்டும் இல்லை.

குட்டிகள் பால் மறந்தன. ஐந்தும் நல்ல இடங்களுக்குப் போயின. அவற்றுள் எத்தனை சடையை உள்ளே வைத்திருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. சாரையை நான்தான் டாட்டா ஏஸில் ஏற்றிப் பண்ணையில் கொண்டுபோய்க் கட்டினேன். சங்கிலியின் நீளம் புரியாமல் அவள் இரண்டு முறை பாய்ந்தாள், இரண்டு முறையும் கழுத்து முறிகிற மாதிரி பின்னால் விழுந்தாள். மூன்றாவது முறை பாயவில்லை. அவளுக்கு அறிவு அதிகம்.

தை மாதம் அன்பரசுவை வையப்பமலை சந்தையில் பார்த்தேன். அவருடைய பெட்டை ராசாவுக்கு ஏழு குட்டி போட்டிருந்ததாம். ஒன்றுக்குக் காதில் குஞ்சம். பெட்டையைத்தான் சந்தேகப்பட்டாராம், ஊருக்கே தெரிந்து மானம் போயிருக்கும், நல்லவேளை மச்சான் வந்து மறுபேச்சில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றார். எனக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

"உங்க மச்சான் மாதிரி மனுசன் எங்க தேடுனாலும் கெடைப்பாருங்களா தம்பி?"

"கெடைக்க மாட்டாருங்க" என்றேன்.