முடிவில் கண்கலங்கியவர்கள்

என் கணவர் பகலில் ஃப்ரிட்ஜ் விற்பார். மாலையில் யாருக்கும் தெரியாத வீடியோ கேம்களை ஊருக்கெல்லாம் பரிந்துரைப்பார். விற்கிற ஃப்ரிட்ஜையாவது ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு விற்கிறார். கேம் விஷயத்தில் அந்தச் சிரமமும் கிடையாது.

கலங்கரை விளக்கத்தில் பல்பு மாற்றும் கேம், குளியலறைச் சுவரில் நத்தை ஏறும் கேம், மனஸ்தாபத்தில் இரண்டு நாற்காலிகள் பேசாமலிருக்கும் கேம் என்று எங்கிருந்தோ தேடிப் பிடித்துக்கொண்டு வருவார். எதிர்வீட்டுக்காரரும் அதை விளையாடுகிறார் என்று தெரிந்தால் போதும், முகம் சுண்டிப்போகும். மறுநாளே அந்த கேம் தரம் இறங்கிவிட்டதாகச் சொல்வார். முதல் அரை மணி நேரம் விளையாடுவது, மீதியை மற்றவர்கள் எழுதியதிலிருந்து பொறுக்குவது, பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் உட்கார்வது, இதுதான் அவர் தொழில்முறை. நான் கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கேற்ப லென்ஸ் அரைக்கிறவள். கொஞ்சம் அதிகம் அரைத்துவிட்டால் லென்ஸ் கழன்று வாடிக்கையாளர் மடியில் விழும். வாயால் அள்ளிவிட்டே பேர் வாங்கலாம் என்று முன்பே தெரிந்திருந்தால் இந்தத் தூசியை எல்லாம் தின்றிருக்க மாட்டேன்.

இந்த லட்சணத்தில் என் தம்பியும் ஒரு கேம் செய்தான். பேருந்து நிலையத்தில் பயணிகள் தவறவிட்ட குடைகளை வைத்திருக்கும் அறை. நாம் அங்கே குமாஸ்தா. வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து எது யாருடையது என்று கண்டுபிடித்துத் தர வேண்டும். எல்லாக் குடையும் போய்ச் சேர்ந்ததும் அலமாரிக்குப் பின்னால் இருக்கும் கதவு திறக்கும். துப்பாக்கி கிடையாது, மதிப்பெண் கிடையாது. வருஷக்கணக்காக உட்கார்ந்து இதைச் செய்தவனைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை தயாராக இருந்தது. சேருவதாக இருந்தால் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா சட்டைகூட எடுத்து வைத்துவிட்டார். ஒரே ஒரு ஆளாவது கேமைக் கடைசிவரை விளையாடியது தெரிந்தால் அடுத்ததை ஆரம்பிப்பேன், இல்லாவிட்டால் வேலைக்குப் போய்விடுவேன், அதற்கப்புறம் இந்தப் பக்கமே திரும்ப மாட்டேன் என்று தம்பி என்னிடம் சொல்லியிருந்தான். அவன் ஒன்றைச் சொன்னால் செய்துவிடுகிற ரகம். அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

கேம் வெளிவந்ததும் கணவர் வீடியோ போட்டார். தற்செயலாகக் கண்டெடுத்த முத்து என்றார். கண்டெடுத்த இடம் எங்கள் சாப்பாட்டு மேசை. கதவு திறக்கும் அந்த இறுதிக் காட்சியில் தான் கண்கலங்கிவிட்டதாகச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கண்ணாடிக்கு லென்ஸ் அரைத்ததும் நான்தான்.

அவ்வளவுதான், வாங்கித் தள்ளினார்கள். நானும் கலங்கினேன், கதவு திறந்ததும் எனக்கும் பேச்சு வரவில்லை என்று ஆளாளுக்கு எழுதினார்கள். தம்பி துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தால், சனிக்கிழமை காலை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். வேலையில் சேரப் போகிறானாம். இவ்வளவு பேர் பாராட்டியிருக்கிறார்களே என்று கேட்டேன்.

“படிச்சேன்க்கா. ஒருத்தரும் விளையாடல” என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பிடிகொடுக்காமல் போய்விட்டான்.

எனக்குக் கணவர் மேல்தான் எரிச்சல் வந்தது. இந்த மனிதர் முடிவைப் பார்க்கவில்லை என்பதைக் கையும் களவுமாகப் பிடித்தே ஆக வேண்டும் என்று அன்று மாலையே கேமைத் திறந்தேன். அதுவரை நான் எந்த கேமும் விளையாடியதில்லை. குமாஸ்தாவை நடக்கவைக்கப் போய், அவன் கொஞ்ச நேரம் சுவரையே முட்டிக்கொண்டிருந்தான்.

அதில் ஒரு பெண் வருவாள். நம்மிடம் இல்லாத ஒரு நீலக் குடையைக் கேட்பாள். இல்லை என்றால் பேசாமல் போய்விட்டு மறுநாள் திரும்ப வருவாள். மூன்றாவது தடவை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. கணவர் சாப்பாடு கேட்டார், ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

ஞாயிறு மதியம் கடைசிக் குடையையும் கொடுத்தேன். அலமாரிக்குப் பின்னால் போய்க் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. இத்தனை பேருக்குத் திறந்த கதவு எனக்கு மட்டும் திறக்கவில்லை என்றால் தப்பு என் மேல்தான் இருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுக் கணவரிடம் கேட்டேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே, “அது வெறும் கதவு இல்லம்மா, ஒரு உணர்வு. உள்ளுக்குள்ள திறக்கணும்” என்றார்.

தம்பிக்கு ஃபோன் போட்டேன். “கதவு திறக்க மாட்டேங்குதுடா. நான் என்ன விட்டேன்?”

மெதுவாகச் சொன்னான். அவசரத்தில் பழைய ஃபைலை ஏற்றிவிட்டானாம். அந்தக் கதவு யாருக்கும் திறக்காது. வெளியிட்ட மறுநாளே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சரிசெய்ததைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து திட்டுவார்கள் என்று காத்திருந்தான். திட்டு வரவில்லை, முடிவுக்குப் பாராட்டுத்தான் வந்தது.

அந்தப் பாராட்டை எல்லாம் இவன் எப்படிப் படித்திருப்பான்.

“நீ என் அக்கா. பாசத்துக்கு விளையாடியிருக்க. இது கணக்குல சேராதுக்கா” என்றான்.

வந்ததே கோபம். “பாசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உன் மாமா விட்ட கதையைப் பிடிக்கத்தான் உட்கார்ந்தேன். அப்புறம் நிறுத்த முடியலைடா. அந்த நீலக் குடைக்காரி கதவுக்குப் பின்னாலதான் இருக்காளா? இல்லையா? அதை முதல்ல சொல்லு.”

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அந்த கேமுக்காக இதுவரை உண்மையாக அழுதது அவன் ஒருத்தன்தான்.

“சொல்ல மாட்டேன், நீயே போய்ப் பாரு” என்றான். குரல் தேறியிருந்தது. “மூடிடாதக்கா. இப்பவே ஏத்துறேன். திங்கட்கிழமை வரலேன்னு அவங்களுக்கும் எழுதிடறேன்.”

நான் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு காத்திருந்தேன்.