லைக் என்றால் உடம்பு

ஆனையிறவு உப்பளத்தில் உப்பு வாரும் இலட்சுமிக்கு நாற்பத்தைந்து வயதில் இங்கிலீஷ் படிக்கவேண்டி வந்தது. காரணம் கனடாவில் இருந்தது. அவளுக்குப் பத்து நிமிசம் பிந்திப் பிறந்த இரட்டை, தங்கை சரசு, கடைசிச் சண்டைக்குள் செல்லடியில் போய்ச் சேர்ந்தாள். அப்போது சரசுவின் மகள் கஜேந்தினிக்கு ஒன்றரை வயது. தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்படியோ கனடா போய்விட்டார். பழசைப் பற்றி வாய் திறப்பதில்லை. வளர்ந்துவிட்ட பிள்ளைக்குத் தமிழில் தெரிந்தது ‘பெரியம்மா’ என்ற ஒரு சொல்தான். யாரிடமோ இலக்கம் வாங்கி போனில் இங்கிலீஷில் எழுதியிருந்தாள்: அம்மாவின் படம் ஒன்று வேண்டும்.

படத்துக்கு எங்கே போவது? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியதில் அல்பம் எந்தப் பங்கருக்குள் கிடந்து மக்கியதோ. பிள்ளை வீடியோவில் எடுத்தபோதெல்லாம் இலட்சுமி போனைத் தொடவில்லை. இல்லை என்பதை எந்த மொழியில் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமைகளில் முரசுமோட்டைப் பொதுநோக்கு மண்டபத்தில் பெரியவர்களுக்கு வகுப்பெடுக்க, முல்லைத்தீவிலிருந்து பஸ்னா ரீச்சர் பஸ்ஸில் வருவா. மூன்றாம் வாரம் இலட்சுமி எழும்பிக் கேட்டாள்.

“ரீச்சர், பிடிக்கும் எண்டாலும் லைக், போல எண்டாலும் லைக். ஏன் அப்பிடி?”

பஸ்னா சிரித்தா. “எனக்கும் தெரியேல்ல. பாத்துக்கொண்டு வாறன்.”

அடுத்த ஞாயிறு பையைக் கதிரையில் வைக்க முதலே சொன்னா. “இலட்சுமியக்கா, அந்தச் சொல்லின்ர வேர் உடம்பாம். ஒராளைப் போல எண்டால், அவரின்ர அதே உடம்போட இருக்கிறது. பிறகு, பொருந்தினதெல்லாம் பிடிச்சதாயும் மாறியிருக்கலாம் எண்டு அகராதியில எழுதிக் கிடக்கு.”

இலட்சுமி அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் கால் நிலத்தில் பாவவில்லை. வயல்காற்று சட்டைக்குள் புகுந்தது. தோளைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தை, தாடையை. பதினாறு வருசத்துக்கு முதல் தொலைத்த ஒன்றைத் தானே போட்டுக்கொண்டு திரிந்தது போல இருந்தது.

அன்று பின்னேரம் கஜேந்தினி எடுத்தபோது இலட்சுமி போனைத் தண்ணிக்குடத்தில் சாத்தி வைத்து, நேரே இருந்தாள்.

“நோ போட்டோ,” என்றாள். மூச்சு எடுத்துக்கொண்டாள். “ஐ ஆம் லைக் யுவர் மதர். சேம் பொடி.”

திரையில் பிள்ளை விரலைச் சுழற்றிக் காட்டினாள். இலட்சுமி பக்கவாட்டில் திரும்பினாள். பிள்ளை சிரிக்கச் சொன்னாள், இவள் சிரித்தாள். வெயில் மெல்ல மெல்லச் சுவரில் ஏறியது. தன் முகத்துக்குள் இருந்து வேறொருத்தி பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, தான் ஒரு ஓரமாய் ஒதுங்கி இடம் விட்டது போல அவளுக்குப் பட்டது.

“நோ டிஃபரன்ஸ்?” என்று பிள்ளை மெல்லக் கேட்டாள்.

வகுப்பில் படித்த சொல், விளங்கியது. இலட்சுமி எழும்பிப்போய் கண்மை எடுத்து வந்து, இடது தாடையில் ஒரு பொட்டு வைத்தாள். சரசுவின் மச்சம். பெற்ற தாயே அதைப் பார்த்துத்தான் இருவரையும் பிரித்தறிவாள்.

கஜேந்தினி போனைக் கிட்டக் கொண்டுவந்தாள். கொண்டுவரக் கொண்டுவர, திரை முழுக்க ஈரமான ஒற்றைக் கண் மட்டும் மிஞ்சியது.

“பெரியம்மா,” என்றாள். பிறகு, அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத மற்றச் சொல்லையும் சொன்னாள். “அம்மா.”

“ஓம்,” என்றாள் இலட்சுமி. யாருக்காகச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பிள்ளை திரும்பவும் எடுத்தாள். தன் காதைப் பிடித்துக் காட்டி, இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டாள்.