மாமனாரின் மூக்கு

நாற்காலியை சரோல்தா இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, பெர்த்தா அத்தை அதன்மேல் ஏறிக் கூடத்து நிலைக்கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடினாள். பக்கத்தில், திறந்த சவப்பெட்டியில் அப்பா கிடந்தார். விடியற்காலையில் உயிர் போயிருந்தது. மதியத்துக்குள் புடாபெஸ்ட் முழுக்கச் சேதி பரவிவிட்டது.

“ஜெர்மன்காரன் ஒருத்தன் மலர்வளையத்தோட வர்றானாம்,” என்றபடி அத்தை இறங்கினாள். “உசுரோட இருந்தப்ப எங்கண்ணன கரிச்சுக் கொட்டினவனுங்க.”

அப்பா பழைய தூதர். பெர்லின்காரர்களிடம் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொன்னவர். அப்படிச் சொல்கிற ஹங்கேரியன் யூதனாகத்தான் இருப்பான் என்பது அவர்கள் கணக்கு. அவன் இல்லையென்றால் அவன் பெண்டாட்டி, அவளும் இல்லையென்றால் அவன் பாட்டன். வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம்.

சரோல்தாவின் பயம் அப்பாவுக்காக அல்ல. அவர் பரம்பரை பரம்பரையாகக் கால்வின் சபைக் கிறிஸ்தவர். யூத வீட்டில் பிறந்து, சின்ன வயதில் ஞானஸ்நானம் பெற்றவன் அவள் கணவன் கேஸாதான். அப்பா அது தெரிந்தே பெண் கொடுத்தார். வெளியே தெரிந்தால் ஞானஸ்நானம் செல்லாது; யூதர்களுக்கான கட்டாய வேலைப்படையில் சேர்த்துப் போர்முனைக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

“நீங்க உள்ள இருங்க. அவன் போனதும் வரலாம்,” என்றாள் கேஸாவிடம்.

“மருமகன் தலைமாட்டுல இல்லைன்னா ஏன்னு கேக்க மாட்டானா? அதோட, மாமாவே நேத்து சொன்னாரு, நீதான் நிக்கணும்னு.”

கேஸா போய் நின்றுகொண்டான்.

ரீட்மான் என்ற அந்த ஜெர்மன் அதிகாரி வந்து, மலர்வளையத்தை வைத்துத் தலை தாழ்த்தினான். அதோடு போயிருக்கலாம். சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு பெட்டியைச் சுற்றிவந்து, குனிந்து, அப்பாவின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தான். துக்கம் ஒரு பக்கம் இருக்க, இவன் என்னதான் தேடுகிறான் என்ற குறுகுறுப்பு சரோல்தாவை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அவன் மூக்கைப் பார்க்கிறான்!

“கண்ணாடிய மூடியிருக்கீங்களே,” என்றான். “யூதர் வீட்டுலதான் இப்படிப் பாத்திருக்கேன்.”

“அப்ப எங்க ஊர்ல நீங்க வேற சாவு வீட்டுக்கே போனதில்ல போல,” என்றாள் அத்தை. “இங்க எல்லாரும்தான் மூடுவோம். இல்லைன்னா உசுரு தன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இங்கயே நின்னுடும்.”

“இவரோட மூக்கு...”

“எங்கப்பா மூக்கு. எனக்கும் அதேதான். நல்லாப் பாத்துக்குங்க.” அத்தை முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

சரோல்தாவுக்குச் சிரிப்பு வந்தது. இதைக் கேட்க அப்பா இல்லையே என்று அடுத்த கணமே அழுகையும் வந்தது.

ரீட்மானின் பார்வை கேஸாவிடம் போனது. வெளிர்த்த முடி, நீலக் கண், நல்ல உயரம். ரீட்மானின் முகம் மலர்ந்தது. கேஸாவின் முழங்கையைப் பிடித்து ஜன்னலோரம் கூட்டிப்போனான். பழச்சாராயத் தட்டை எடுத்துக்கொண்டு சரோல்தா பின்னாலேயே போனாள்.

“இந்த வீட்டுல நீங்க ஒருத்தர்தான் எங்க ஆள் மாதிரி இருக்கீங்க,” என்றான் ரீட்மான், குரலைத் தாழ்த்தி. “நீங்க வெளியிலேர்ந்து வந்தவர். உள்ளதச் சொல்லுங்க. கிழவர் யூதன்தானே?”

ஆமாம் என்றால் அவள் தொலைந்தாள். வெறுமனே இல்லை என்றால் இவன் நம்பப் போவதில்லை. கேஸா என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கேஸா சிரித்தான். அவனிடம் அப்படியொரு சிரிப்பை அவள் கேட்டதே இல்லை.

“நல்லா கேட்டீங்க போங்க. யூதன் வீட்டுல நான் பொண்ணு எடுப்பேனா?”

ரீட்மானும் சிரித்தான். கேஸாவின் தோளில் தட்டி, கையைக் குலுக்கி, சாராயத்தை ஒரே மடக்கில் குடித்தான். சரோல்தா அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டுக் கதவைத் தாழிட்டாள். திரும்பி வந்தபோது கேஸா கூடத்தில் இல்லை. சமையலறையில் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை.

“யாருடி அது, கொழாயத் தொறந்து போட்டுட்டு?” என்றாள் அத்தை.

“விடுங்க அத்தை,” என்றாள் சரோல்தா. “கை கழுவுறாரு.”